புரூடரில் குஞ்சுகள் திடீரென இறந்தால்: மருந்துக் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

நேற்று இரவு வரை ஓடித் திரிந்த குஞ்சுகளில் பத்து, பதினைந்து காலையில் செத்துக் கிடக்கின்றன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் இப்படி ஒரு காலையைப் பார்க்காதவர்கள் குறைவு. அதன்பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். செத்தவற்றைக் குழியில் போட்டு மூடிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், "குஞ்சு சாகுது, தண்ணியில கலக்குற மாதிரி ஏதாவது பவுடர் குடுங்க" என்று கேட்பது.

இந்தப் பழக்கத்துக்கு இரண்டு பக்கமும் இப்போது நெருக்கடி. கோழிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தண்ணீரில் கலந்து கொடுக்கப்பட்ட கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குப் பயன்படுத்த மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை செய்தது. 2025 மார்ச்சில் குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கும் அதே தடை வந்தது. குஞ்சுக் கழிச்சலுக்கு என்று கிராமங்களில் நெடுங்காலம் பெயர் வாங்கியிருந்த பியூராசோலிடோன் இந்த நைட்ரோபியூரான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடைக்காரர் பழைய சரக்கை எடுத்துத் தந்தாலும், சீட்டு இல்லாத பொட்டலத்தில் மடித்துத் தந்தாலும், அதை வாங்கிக் கொடுப்பது இன்று சட்டத்துக்கு விரோதமானது.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொலிஸ்டின் என்பது வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமித் தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து. அதைக் கோழிக் கொட்டகையில் தினமும் தெளித்தால், அதற்கும் அடங்காத கிருமிகள் அங்கேயே உருவாகும். அப்படிப்பட்ட எதிர்ப்பு மரபணு ஒன்று கிருமிகளுக்கிடையே தாவிப் பரவுவதை 2015-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டபிறகுதான் பல நாடுகள் விழித்துக்கொண்டன.

இதில் விவசாயிக்கு நட்டம் என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரூடரில் முதல் பத்து நாளில் ஏற்படும் இறப்புகளில் பெரும்பங்கு குளிர், சூடு, தண்ணீர் குடிக்காதது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சடைப்பது ஆகியவற்றால் வருகிறது. இவற்றில் எதற்கும் ஆன்டிபயாடிக் மருந்து வேலை செய்யாது. மருந்து கொடுத்த மூன்றாம் நாள் இறப்பு நின்றிருக்கும். பலவீனமானவை எல்லாம் அதற்குள் செத்து முடிந்திருக்கும் என்பதுதான் பாதி சமயம் அதற்குக் காரணம். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும்.

நான்கு வாரக் குஞ்சு என்ற கணக்கு

தமிழக அரசின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். 250 கோழிகள் கொண்ட ஓர் அலகுக்கு கொட்டகை, தளவாடங்கள், நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் 50 சதவீத மானியம். கூடவே 250 குஞ்சுகளை ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாகத் தருகிறார்கள். கவனிக்க வேண்டியது, அவை ஒரு நாள் குஞ்சுகள் அல்ல, நான்கு வாரக் குஞ்சுகள். மத்திய அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களிலும் 'தாய் அலகு' என்று ஒன்றை வைத்து, அங்கே நான்கு வாரம் வளர்த்துத்தான் குடும்பங்களுக்குக் கொடுக்கும் முறை உண்டு.

ஏன் நான்கு வாரம்? செயற்கை வெப்பம் தேவைப்படும் காலம், முதல் தடுப்பூசிகள் போட வேண்டிய காலம், அதிகம் சாகும் காலம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆபத்தான பகுதியை அரசுப் பண்ணை சுமந்துகொண்டு, தப்பித்த குஞ்சை உங்கள் கையில் கொடுக்கிறது. முதல் தொகுதிக்கு இது பெரிய உதவி. ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் தொகுதியை நன்றாக வளர்த்து விற்றவர், 'நமக்குக் கோழி வளர்ப்பு வந்துவிட்டது' என்ற நம்பிக்கையில் இரண்டாம் தொகுதிக்கு ஒரு நாள் குஞ்சுகளை வியாபாரியிடம் வாங்குகிறார். அல்லது சின்ன இன்குபேட்டரில் தானே பொரிக்கிறார். புரூடரை அவர் முதன்முறையாகச் சந்திப்பது அப்போதுதான். இறப்பும் அங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டாவது தொகுதியில் இழந்தவர்கள் தங்களுக்கு ராசியில்லை என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சொல்லித்தரப்படாத பாடத்தில் பரீட்சை எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

செத்த குஞ்சு எங்கே கிடந்தது, எத்தனையாவது நாள்?

குழியில் போடுவதற்கு முன் இரண்டு விஷயத்தை நோட்டில் எழுதுங்கள்: குஞ்சின் வயது எத்தனை நாள், செத்தவை புரூடருக்குள் எந்த இடத்தில் கிடந்தன. பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எல்லாம் ஒரே மூலையில், ஒன்றின் கீழ் ஒன்று, உடல் தட்டையாக நசுங்கிக் கிடந்தால் அது நோய் அல்ல. இரவில் குளிரிலோ, பூனை, கீரி, பாம்பு வந்த பயத்திலோ எல்லாம் ஒரு பக்கம் குவிந்து அடியில் இருந்தவை மூச்சடைத்திருக்கின்றன. கரண்ட் போன நேரத்தை வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். தகட்டையோ அட்டையையோ வட்டமாகச் சுற்றித் தடுப்பு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வட்டத்துக்கு மூலை கிடையாது.

பல்புக்கு நேர் கீழே ஒட்டிக்கிடந்து செத்திருந்தால் குளிர். சுவர் ஓரமாக, இறக்கையை விரித்து, வாய் திறந்தபடி கிடந்தால் சூடு. தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் நனைந்து கிடந்தால், தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். அதில் நாலைந்து கூழாங்கல்லைப் போட்டால் முடிந்தது.

இனி வயது. முதல் மூன்று நாளில் சாகும் குஞ்சுக்குப் பெரும்பாலும் உங்கள் பண்ணை பொறுப்பல்ல. பொரிப்பகத்திலும் பயணத்திலும் பட்ட கஷ்டம் இங்கே வந்து தெரிகிறது. பல்லடம் பக்கமிருந்து இரவெல்லாம் பஸ்ஸிலோ வேனிலோ அட்டைப் பெட்டியில் வரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு நாள் தீனி இல்லாமல் உயிரோடு இருக்கும். ஆனால் தண்ணீர் வற்றிவிடும். காலைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கணுக்காலில் நரம்பு தெரிய ஒட்டியிருக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை சாகும் குஞ்சின் வயிறு உப்பி, தொப்புள் சிவந்து அல்லது கறுத்து, தூக்கினால் நாற்றம் அடித்தால் அது தொப்புள் அழற்சி. உள்ளே மஞ்சள் கரு உறிஞ்சப்படாமல் அழுகியிருக்கும். இது முட்டையிலிருந்தும் இன்குபேட்டரிலிருந்தும் வருவது. சொந்தமாகப் பொரிப்பவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும்: எச்சம் ஒட்டிய முட்டையை ஈரத்துணியால் துடைத்து அடுக்கினால், ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்கு நீர் உள்ளே போய்விடும். அழுக்கு முட்டையைப் பொரிக்கவே வைக்காதீர்கள். கூட்டில் வைக்கோலை மாற்றி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை முட்டை எடுத்தால் அழுக்கு முட்டையே குறைந்துவிடும். ஒரு தொகுதி பொரித்து முடிந்ததும் இன்குபேட்டரைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்ததை ஏற்றுவதும் இந்த நோயை வரவழைக்கும்.

மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், சத்தமில்லாமல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சுவிடும் குஞ்சுகள் செத்தால் உமியை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த ஆழ்கூளத்திலிருந்தும் தீவனத்திலிருந்தும் வரும் நுரையீரல் நோய் இது. 'புரூடர் நிமோனியா' என்றே இதற்குப் பெயர். பூஞ்சை நோய் என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலனில்லை. மழைக்காலத்தில் திறந்த மூட்டையில் கிடந்த உமியை விரித்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அன்றே உமி முழுவதையும் மாற்றுவது ஒன்றுதான் வழி. இந்த இடத்தில் நம் ஊருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: இராஜபாளையம் பஞ்சாலைகளிலும் சத்திரப்பட்டி மருத்துவத் துணித் தறிகளிலும் கிடைக்கும் கழிவுப் பஞ்சையும் நூலையும் மெத்தென்று இருக்கிறது என்று புரூடரில் போடாதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும், காலில் சுற்றும், குஞ்சு கொத்தி விழுங்கும். காய்ந்த உமி, கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு போதும். இரண்டு அங்குல உயரம்.

மூன்று வாரத்தை ஒட்டி எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சல். இது ஈர உமியில் பெருகும் ஒட்டுண்ணி. இதற்கு மருந்து உண்டு, ஆம்ப்ரோலியம் போன்றவை பலன் தரும்; அளவை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் வாங்கும் குஞ்சுத் தீவனத்திலேயே இதற்கான தடுப்பு மருந்து கலந்திருக்கலாம் என்பதால் பை மேலுள்ள சீட்டைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

வெள்ளையாகக் கழிந்தாலே வெள்ளைக் கழிச்சல் அல்ல

பெயரால் வரும் குழப்பம் நம் பகுதியில் பல குஞ்சுகளைக் கொன்றிருக்கிறது. 'வெள்ளைக் கழிச்சல்' என்று நாம் சொல்வது இராணிக்கெட் என்னும் வைரஸ் நோய். 1920-களில் இமயமலை அடிவார ஊரான இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர்; மற்ற நாடுகளில் இங்கிலாந்து நகரம் ஒன்றின் பெயரால் நியூகாசில் நோய் என்பார்கள். இதில் எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருக்கும். இளைப்பு, கழுத்து முறுக்கல், கால் இறக்கை செயலிழப்பு எல்லாம் சேர்ந்து வரும். பெரிய கோழிகளும் சாகும்.

ஆனால் ஒரு வாரக் குஞ்சின் பின்புறத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை எச்சம் காய்ந்து ஒட்டி அடைத்திருப்பது வேறு. அது சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வந்திருக்கலாம். அது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வருவது. மூன்று வாரத்துக்குள்தான் அதிகம் கொல்லும். தப்பித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும்போது தன் குஞ்சுக்கும் கொடுக்கும். அல்லது எந்தக் கிருமியும் இல்லாமல், குளிரில் நடுங்கியதாலேயே, சர்க்கரைத் தண்ணீரை நாள் கணக்கில் கொடுத்ததாலேயே எச்சம் ஒட்டியிருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் 'வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது' என்று நோயில் கிடக்கும் குஞ்சுகளுக்கு அவசரமாகத் தடுப்பூசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசியைத் தளர்ந்த குஞ்சு தாங்காது, சாவு கூடும். ஒட்டிய எச்சத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுத்துவிடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். என்ன நோய் என்பதைப் பரிசோதனை சொல்லட்டும்.

குண்டு பல்பு போனதும் குஞ்சு குளிர்ந்ததும்

கடந்த சில ஆண்டுகளில் புரூடருக்குள் நடந்த பெரிய மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. முன்பு 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைத்தன. அவை வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகக் கக்கின. வீட்டுக்கு அது வீண், குஞ்சுக்கு அது உயிர். இப்போது கடையில் எல்.இ.டி. பல்புதான் கைக்கு வருகிறது. 9 வாட் எல்.இ.டி. பழைய 60, 70 வாட் அளவுக்கு வெளிச்சம் தரும், வெப்பம் தராது. புரூடர் பளிச்சென்று எரிகிறது, குஞ்சு நடுங்குகிறது. வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கணக்கு, குஞ்சுக்கு 2 வாட் வெப்ப பல்பு. 100 குஞ்சுக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு. 200 வாட்டை ஒரே பல்பாகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள். ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் மின்சாமான் கடையிலோ பண்ணைக் கருவிகள் விற்கும் கடையிலோ அகச்சிவப்பு பல்பு கேட்டு வாங்குங்கள். குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது உமியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல், முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து, நான்காம் வாரம் 80-க்குக் கொண்டு வரலாம். சுவரில் ஆணியடித்துத் தொங்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சே சொல்லும். பல்பின் கீழ் குவிந்து கீச் கீச்சென்று கத்தினால் குளிர். விலகிப்போய் வாய் திறந்து கிடந்தால் சூடு. எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, சில தீனி கொத்திக்கொண்டு இருந்தால் சரி. இதைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துப் பயனில்லை. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் காலநிலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பமே குஞ்சுக்குத் தேவையான அளவை எட்டிவிடுகிறது. அப்போது பல்பை எரியவிட்டால் வேகவைப்பது போல. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று புரூடருக்குள் தூசியையும் கொண்டுவரும். மேற்குப் பக்கச் சாக்குப் படுதா இறங்கியிருக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வேறு கதை. மழையும் மலையடிவாரக் குளிரும் சேர்ந்து இரவில் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிடும்; குஞ்சுக்குத் தேவை 35. அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழையில் கரண்ட் நாள் கணக்கில் இல்லாத ஊர்களை நாம் பார்த்தோம்.

கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே தயாராக இருங்கள். மண் பானையில் அடுப்புக்கரியை வெளியே பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கிய பிறகு, துளையிட்ட தகட்டால் மூடி, செங்கல் மேல் நடுவில் வைக்கலாம். ஆனால் அப்போது படுதாவின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அடைத்த அறையில் கரிப்புகையின் வாசனையில்லாத விஷவாயு குஞ்சுகளையும் கொல்லும், காவல் படுத்திருக்கும் உங்களையும் கொல்லும். சின்ன அளவில் வளர்ப்பவர்களுக்கு இன்னும் எளிது: ஐந்து லிட்டர் கேனில் சுடுதண்ணீர் நிரப்பி, இறுக மூடி, சாக்கில் சுற்றி நடுவில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். முப்பது, நாற்பது குஞ்சுதான் என்றால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே சாக்குப் போடுவதே போதும், காற்று போக இடம்விட்டு.

எஞ்சிய குஞ்சுகளுக்கு முதல் இரண்டு நாள்

இறப்பைப் பார்த்த உடனே தண்ணீர்க் குவளைகள் எல்லாவற்றையும் கழுவி, புதுத் தண்ணீர் வையுங்கள். சோர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலகை ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிடுங்கள். ஒரு லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கலந்த தண்ணீர் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் போதும். பிறகு எலக்ட்ரோலைட், அதன்பின் வெறும் தண்ணீர். தீவனத்தைத் தட்டில் மட்டும் வைக்காமல், மக்காச்சோளக் குருணையைப் பேப்பரில் தூவுங்கள். சத்தம் கேட்டுக் கொத்த வரும். வழவழப்பான பேப்பரில் குஞ்சின் கால் விரிந்து முடமாகும், சொரசொரப்பான அட்டை நல்லது.

இரவு ஒன்பது மணிக்கு இருபது குஞ்சைப் பிடித்து இரைப்பையைத் தடவிப் பாருங்கள். புதிதாக வந்த குஞ்சில் எட்டு மணி நேரத்தில் பத்துக்கு எட்டும், மறுநாள் கிட்டத்தட்ட எல்லாமும் இரைப்பை நிறைந்து, கூழ்போல் மெத்தென்று இருக்க வேண்டும். கல்போல் இருந்தால் தீனி தின்று தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் குளிரிலோ கூட்டத்திலோ தீனியை அடைய முடியவில்லை. எந்த மருந்தையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும்.

குந்தி உட்கார்ந்து, முகத்தைக் குஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால் அமோனியா ஏறியிருக்கிறது. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் இறுக மூடியதன் விலை அது.

தீவனமும் சந்தேகத்துக்குரியதுதான். விருதுநகர் மாவட்டத்தில் மக்காச்சோளம் நன்றாக விளைகிறது. அறுவடையில் மழை பிடித்தால் கதிரிலேயே பூஞ்சை ஏறும். உள்ளூரில் வாங்கி அரைப்பவர்கள், மணியை உடைத்து உள்ளே கறுப்போ பச்சையோ தெரிகிறதா என்று பாருங்கள். பூஞ்சை நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கும், போட்ட தடுப்பூசி ஏறாமல் செய்யும். அத்தகைய தானியத்தை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை காயுமே தவிர நஞ்சு போகாது.

யாரிடம் எடுத்துப் போவது?

அன்று செத்த குஞ்சுகளில் இரண்டு, மூன்றையும், நோயில் கிடக்கும் உயிருள்ள இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். செத்ததை பிளாஸ்டிக் பையில் போட்டு, சுற்றிலும் ஐஸ் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் உறைய வைத்ததும், முந்தாநாள் செத்து உப்பியதும் பரிசோதனைக்கு உதவாது. முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகம். தேவைப்பட்டால் அங்கிருந்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி போகும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இராஜபாளையத்திலேயே இருப்பது நம் பகுதிக்கு வாய்த்த வசதி. ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் அங்கே போகலாம். பெரிய இழப்பென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரத்துக்கு 1962 எண்.

நோட்டில் எழுதியதையும் கொண்டுபோங்கள்: பொரித்த தேதி, எங்கே வாங்கியது, தினமும் எத்தனை செத்தது, என்ன தீவனம், என்ன மருந்து கொடுத்தீர்கள். கொடுத்த மருந்தை மறைக்காதீர்கள். அதற்குப்பின் செய்யும் கிருமிப் பரிசோதனையே தப்பாகப் போகும். பாக்டீரியாதான் என்று உறுதியானால், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். தடைக்குப் பின்னும் மருந்துகள் இருக்கின்றன. ஊகத்தில் கொடுப்பதற்குத்தான் இடம் இல்லை.

ஒரு விதிவிலக்கு. குஞ்சு மட்டுமல்லாமல் பெரிய கோழி, வாத்து, காகம் எல்லாம் ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால் எதையும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி அவர்களை வரவழையுங்கள். கேரளத்தில் 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இரண்டு முறையும் ஆலப்புழா மாவட்டம் அதில் இருந்தது. கொல்லத்திலிருந்து புளியரை, தென்காசி வழியாகத் திருமங்கலம் போகும் சாலை நம் இரண்டு ஊருக்குள்ளும்தான் போகிறது. அந்தப் பக்கம் போய்த் திரும்பும் காலிக் கூண்டுகளையும் முட்டை அட்டைகளையும் கழுவாமல் பண்ணைக்குள் ஏற்றாதீர்கள்.

அடுத்த தொகுதிக்கு முன்

நட்டத்தை ஈடுகட்ட உடனே மறு தொகுதி இறக்குவதுதான் பலர் செய்வது. அதே உமியில், அதே குவளையில் இறக்கினால் அதே கிருமியே வரவேற்கும். உமியை முழுவதும் வாரி, பண்ணைக்கு வெளியே எரிக்கவோ சுண்ணாம்பு தூவிப் புதைக்கவோ செய்யுங்கள். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் வெயில் படும்படி வெறுமையாக விடுங்கள். அழுக்குப் போகாத தரையில் கிருமிநாசினியை ஊற்றுவது காசை ஊற்றுவதற்குச் சமம்.

தடுப்பூசியில் நம் பகுதியில் ஓர் இடைவெளி இருக்கிறது. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியையொட்டி கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் நடத்துகிறது. அதில் இறக்கைப் பகுதியில் போடும் ஊசி எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு உரியது. புரூடரில் இருக்கும் குஞ்சுக்கு அது ஆகாது. அதற்கு ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பதினான்காம் நாளை ஒட்டி கம்போரோ. நான்காம் வாரத்தில் மறுபடி லசோட்டா. இதை நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தடுப்பு மருந்து 100 டோஸ், 200 டோஸ் குப்பியில்தான் வரும். திறந்து கலக்கியபின் ஓரிரு மணி நேரம்தான் வீரியம். முப்பது குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி வீண் என்று தயங்கி, போடாமலேயே விட்டுவிடுகிறார். ஒரே தெருவில் நாலு வீட்டில் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்து வந்து, விடிந்த குளிர்ச்சியிலேயே முதல் வீட்டில் தொடங்குங்கள். வீடு மாறும்போது கைகால் கழுவிக்கொண்டு போக வேண்டும். நோயில் கிடக்கும் குஞ்சுகள் உள்ள வீட்டை அந்த வாரம் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.